அவள் திரையில் நான் வைத்த கழுதை

உங்கள் அப்பா பத்தாவது தேறாதவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சாங்வியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது கம்ப்யூட்டருக்கு நான்தான் பொறுப்பு. நீங்கள் இரண்டு பேரும் அப்போது பால்வாடி போய்க்கொண்டிருந்தீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அக்கவுண்ட் திறப்பது, பாஸ்வேர்டு மறந்தால் புதிது போடுவது, திரையில் எதையெல்லாம் மாற்றக் கூடாதோ அதைப் பூட்டி வைப்பது, எல்லாம் லேப் மூலையில் இருந்த சர்வரில் உட்கார்ந்து நான் செய்ததுதான். பிள்ளைகள் என்னைக் காகா என்பார்கள், மராத்தியில் சித்தப்பா. பியூனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு தமிழ்ப் பெண், கட்கி குவார்ட்டர்ஸிலிருந்து வருகிறவள். எனக்கு ஒரு விரலால்தான் டைப் செய்ய வரும். ஒருநாள் வகுப்பு நடுவே சர்வர் பாஸ்வேர்டை அடிக்கும்போது, அவள் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தாள். உங்கள் இருவர் பெயரையும் சேர்த்துத்தான் பாஸ்வேர்டாக வைத்திருந்தேன்.

"இவ்ளோ மெதுவா அடிக்கிறதுக்கு போர்டுலயே எழுதிப் போட்டுடலாமே அங்கிள்" என்றாள். மற்றவர்களுக்காக இந்தியிலும் ஒருமுறை சொன்னாள். வகுப்பே சிரித்தது.

அன்று சாயங்காலமே அவள் அக்கவுண்டில் ஒரு கழுதைப் படத்தைத் திரை முழுக்க வருமாறு வைத்துப் பூட்டினேன். கம்ப்யூட்டரில் வைக்கவில்லை, அக்கவுண்டில் வைத்தேன். அதனால் அவள் எந்த இடத்தில் உட்கார்ந்து பாஸ்வேர்டு அடித்தாலும் கழுதை வந்து நின்றது. மூன்று இடம் மாறிப் பார்த்தாள். பையன்கள் கழுதை மாதிரி கத்தினார்கள். டீச்சரும் சிரித்துவிட்டு, "இருக்கட்டும் காகா, வாய் கொஞ்சம் அடங்கட்டும்" என்றார். கழுதை ஒரு மாதம் அப்படியே இருந்தது. அவள் கடைசி வரிசைக்குப் போனாள், பிறகு லேபில் பேசுவதையே விட்டாள். எனக்கு அது திருப்தியாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

போர்டு பரீட்சையின் பிராக்டிகலுக்கு வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார் என்று அன்று காலையே படத்தை எடுத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. பிராக்டிகல் போனால் அந்த வருஷமே போச்சு, அதுவும் எனக்குத் தெரியும்.

தேர்வாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவள் கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், எடுத்துட்டீங்களா?"

எடுத்தாச்சு என்று ஒரு சொல் போதும். "உள்ள போய்ப் பாரேன்" என்றேன்.

அவள் அடிக்கவில்லை. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று தேர்வாளரிடம் சொன்னாள். புதிது போட எவ்வளவு நேரமாகும் என்று அவர் என்னிடம் இந்தியில் கேட்டார். சர்வர் ரொம்ப மெதுவாக இருக்கிறது, நேரமாகும் சார் என்றேன். அவர் தாளில் பூஜ்யம் போட்டு, அவளை எழுந்து போகச் சொன்னார்.

அடுத்து உட்கார்ந்த பையனுக்கு உண்மையிலேயே பாஸ்வேர்டு மறந்திருந்தது. மூலைக்குப் போய் ஒரு நிமிடத்தில் போட்டுக் கொடுத்தேன். தேர்வாளர் என்னைப் பார்த்துவிட்டுத் தாளைப் புரட்டினார். லேபுக்குள் செருப்பு கூடாது என்பதால் அவள் வாசலில் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தாள். அவளும் பார்த்தாள்.