பிரிட்ஜ் பெட்டிக்குள் ஒரு காடு

தோசைக்கு ஆட்டும்போது அரிசி மாவில் ஒரு கரண்டி ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் சந்திரி உளுந்தைக் கலப்பாள். துடைப்பக்குச்சியின் நுனியைப் பல்லால் கடித்து நாராக்கி, மாவில் தொட்டு, துணி துவைக்கும் கல்லின் மேல் ஒரு மரம் போடுவாள். பக்கத்தில் மயில், முக்கோண உடம்போடு ஆடும் மனிதர்கள். ஈரம் வற்றி வெள்ளை தெளியும்வரை பார்ப்பாள். பிறகு ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிடுவாள்.

முடிச்சூரில் அவளுக்குப் ‘பம்பாய்க்கா’ என்று பெயர். பம்பாயை அவள் ரயில் ஜன்னலில் பார்த்ததோடு சரி. அதற்கும் வடக்கே, டஹாணு பக்கத்துக் காட்டில் பிறந்த வார்லிப் பழங்குடிப் பெண். அங்கே தண்டவாள வேலைக்குப் போயிருந்த சவுரிமுத்துவோடு புறப்பட்டு வந்துவிட்டவள். தமிழ் நன்றாகப் படிந்துவிட்டது. மரங்கள் மட்டும் அவள் பேச்சில் இன்னும் ஆண்பிள்ளைகள். “ஏரிக்கரையில நின்னுகினு இருந்தானே பனைமரம், அவனயும் வெட்டிட்டாங்க” என்பாள்.

மகள் ஜீவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வீட்டுச் சொந்தக்காரர் துளசிங்கத்திடம் போய் நின்றாள்.

“ஒரே ஒரு செவுரு குடுங்கண்ணா. எங்க சனத்துல செவுத்துல காடு வரையாம கல்யாணமே கிடையாது.”

“ஆணி அடிக்கவே நான் வுடறதில்ல. இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிகீது. வாணாம்மா.”

துளசிங்கம் கெட்டவரில்லை. புதுச் சுவரைப் போகும்போதும் வரும்போதும் தடவிப் பார்க்கிறவர்.

அன்று சாயங்காலம் முழுக்கச் சந்திரி தன் அக்காவின் கல்யாணத்தைப் பற்றியே பேசினாள். செம்மண் பூசிய சுவரின் ஈர வாசனை, கை மாறிக்கொண்டே இருந்த மாவுக் கிண்ணம், பாடியபடி பெண்கள் ஒவ்வொரு இலையாக வைத்தது.

“நம்ம கல்யாணத்துக்கு இன்னா இருந்திச்சு?” என்றான் சவுரிமுத்து.

“ரிஜிஸ்தர் ஆபீசு செவுத்துல காலண்டர் தொங்கிகினு இருந்திச்சு.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

சீருக்கு வாங்கிய பிரிட்ஜ் வந்து இறங்கியது. சவுரிமுத்து கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் சந்திரி அதன் அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கூடத்தில் விரித்துவிட்டாள். உள்பக்கம் எழுத்தில்லாத பழுப்பு. அவள் ஊர்ச் சுவருக்குக் கிட்டத்தட்ட அதே நிறம். கல்யாண வேலை அத்தனையும் கிடக்க, மண்டியிட்டு வரைந்தாள். வேரோடு பனைகள், கிளை கொள்ளாத குருவிகள், எறும்புச் சாரை, நண்டு, நடுவில் ஒரே குதிரை மேல் பெண்ணும் மாப்பிள்ளையும்.

வேலையிலிருந்து வந்த ஜீவிதா எட்டிப் பார்த்தாள். “என் கால் ஏம்மா இவ்ளோ நீளம்?”

“பொறந்தப்பவே அப்டித்தான் இருந்த.”

ஜீவிதா கைப்பையை இறக்கி வைக்காமலே அட்டை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளை வீடு சிங்கப்பெருமாள் கோவிலில். சீர் ஏற்றக் குட்டியானை வந்தபோது டிரைவர் சொன்னான்: “பொட்டி இல்லாம ஏத்துனா கீறல் வுழும்கா.”

“கம்பளி சுத்திக்கலாம்” என்றான் சவுரிமுத்து. “இந்த அட்ட உனுக்கு. இங்கியே வெச்சிப் பாத்துகினு இரு.”

“எனக்கு இன்னாத்துக்கு? அவ கூடப் போவணும் இது.”

மாவு உதிராமலிருக்கப் பிரிட்ஜுக்குப் பழைய புடவை ஒன்றைச் சுற்றினாள். வரைந்த பக்கம் உள்ளே இருக்க, அட்டையை நிமிர்த்தினாள். கம்பெனி போட்ட மடிப்பு, குதிரை மேலிருந்த இருவருக்கும் நடுவே ஓடியது. அதை உள்ளங்கையால் நீவி நீவிச் சமமாக்கினாள். பிறகு கொஞ்சம் தள்ளி, வெறும் புல் இருந்த இடத்தில், கட்டைவிரல் நகத்தை அழுத்தி மேலிருந்து கீழ்வரை புதிதாக ஒரு மடிப்பைக் கீறினாள்.