சருகை விலக்கியவர்கள்

அவள் எதையும் விரல் நீட்டிக் காட்டமாட்டாள். உப்பு எங்கே என்று கேட்டால் மோவாய் ஒரு பக்கம் திரும்பும். பேருந்து வருகிறதா என்றால் கண் மட்டும் அந்தப் பக்கம் போகும். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் இதைத் திமிர் என்று நினைத்தார். அப்புறம் கழுத்து வலி என்று நினைத்துத் தைலம் வாங்கிக் கொடுத்தார். சின்ன வயதிலிருந்தே பறவை பார்த்துப் பழகியவள், கை நீண்டால் பறவை போய்விடும் என்று யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. தைலத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

படிப்பு எட்டாவதோடு நின்றது. பதினாறு வருஷமாகப் பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக் கூடத்தில் வேலை. இயந்திரம் துவைத்துத் தள்ளும் படுக்கை விரிப்புகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பின்பக்கத்து வெட்டவெளியில் உலர்த்த வேண்டும். அவள் நடப்பது யார் காதிலும் விழாது. அதனால் கூடத்தில் எல்லோருக்கும் அவள் பூனையக்கா. திரும்பிப் பார்த்துத் திடுக்கிடும்போதெல்லாம் இஸ்திரி போடுகிறவள், “உனக்குக் கழுத்துல ஒரு மணி கட்டணும்க்கா” என்பாள்.

வெட்டவெளியில் ஆறு கம்பிகள். ஆறாவதைத் தாண்டினால் புதர், உடைந்த இரும்புக் கட்டில்கள், பெருக்க ஆளில்லாமல் குவிந்த சருகு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் காற்றில் பறந்த தலையணை உறை ஒன்றைத் துரத்திக்கொண்டு அங்கே போனாள். கால் வைக்கப்போன இடத்தில் ஒரு சருகு கண்ணைத் திறந்தது.

பக்கி என்று அதற்குப் பெயர். பகல் முழுக்க அசையாமல் தரையில் படுத்திருந்துவிட்டு, இருட்டியதும் பூச்சி பிடிக்கக் கிளம்பும் பறவை. கூடெல்லாம் கட்டாது. வெறும் தரையில் முட்டையிட்டு அதன்மேல் படுத்துவிடும். சருகோடு சருகாக இருப்பதுதான் அதற்கு வீடு, கதவு, பூட்டு எல்லாம். அவள் வைக்கப்போன காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். உறையை மறுநாள்தான் எடுத்தாள்.

அதிலிருந்து வெயில் ஏறும் பருவம் வந்தால் பக்கி அதே மூலைக்கு வரும். அந்த ஒன்றரை மாதம் ஆறாவது கம்பியில் அவள் துணி போடமாட்டாள். ஈர விரிப்பு காற்றில் படபடத்தால் பறவை மிரளும்.

“ஏம்மா, அந்த ஓரத்துக் கம்பி என்ன பாவம் பண்ணுச்சு?” என்று மேற்பார்வையாளர் ஒருமுறை கேட்டார்.

“துரு சார். வெள்ளத் துணியில கறை பட்டா டாக்டருங்க கத்துவாங்க.”

“போன மாசம் போட்ட?”

“போன மாசம் ஈரம் இல்ல சார்.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர்கள் கத்துவார்கள் என்பது மட்டும் புரிந்தது. போய்விட்டார்.

இதைப் புருஷனிடம்கூட அவள் சொன்னதில்லை. சொன்னது ஒரே ஒருத்தியிடம், நாத்தனாரிடம்.

அவள் மருமகளாக வந்தபோது நாத்தனாருக்கு ஒன்பது வயது. தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியதும், காய்ச்சலில் பக்கத்தில் படுத்ததும் அண்ணிதான். வங்கி வேலைக்குப் போய் இருபத்தெட்டு வயதான பிறகும் அண்ணி அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டாள். முதல் சம்பளத்தில் பாப்பா அண்ணிக்கு ஒரு தொலைநோக்கி வாங்கித் தந்தாள். ஞாயிறு காலைகளில் இருவரும் ஏரிக்கரைக்குப் போவார்கள். பாப்பா பறவைப் புத்தகத்தைப் புரட்டுவாள். “பேரு நான் சொல்றேன், அட்ரஸ் நீங்க சொல்லுங்கண்ணி” என்பாள். எந்தக் கிளையில் எது வந்து உட்காரும் என்று அண்ணி முன்கூட்டியே மோவாயைத் திருப்பி வைத்திருப்பாள்.

அப்புறம் பாப்பா கேமரா வாங்கினாள். படமெடுக்கிறவர்கள் குழு ஒன்றில் சேர்ந்தாள். முழங்கை நீள லென்ஸ் வைத்திருப்பவர்கள் அவளுக்குப் பொடி லென்ஸ் என்று பெயர் வைத்தார்கள். மைனாவும் கொக்கும் போட்டால் அவள் படத்தை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லையாம். ஒரு சாயங்காலம் பாத்திரம் துடைத்துக்கொண்டே இதைச் சொன்னாள். ஒன்பது வயதில் பென்சில் தொலைத்துவிட்டு வந்து நின்ற அதே முகம்.

அண்ணி பக்கியைப் பற்றிச் சொன்னாள். “நீ மட்டும் வந்து பாரு பாப்பா. தூர நின்னு ஒரு படம் எடுத்துக்க. வேற யாருக்கும் தெரியக் கூடாது.”

“சத்தியமா அண்ணி. உங்களத் தாண்டி எனக்கு யாரு.”

பாப்பா வந்தாள், ஐந்தாவது கம்பியருகே நின்று எடுத்தாள், போனாள். படத்தில் சருகுதான் தெரிந்தது. பறவை எங்கே என்று அண்ணிதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள் வேலைக்கு வந்தவளைப் பின்வாசல் காவலாளி நிறுத்தினார். “என்ன பூனையக்கா, வீட்டு ஆளுங்கள முன்னாடி அனுப்பிட்டு நீங்க மெதுவா வர்றீங்க?”

“எந்த ஆளுங்க?”

“உங்க நாத்தனார், இன்னும் ஒரு அஞ்சு பேரு. உங்க வீட்டுக்காரர்தான் கொண்டாந்து விட்டாரு. உங்க பேரச் சொன்னாரு, விட்டுட்டேன். தப்பா?”

அவள் கம்பிகளைத் தாண்டி நடந்தாள். ஐந்து பேர் தரையில் குப்புறப் படுத்திருந்தார்கள். லென்ஸ்களுக்கு எதிரே, வட்டமாகச் சுத்தப்படுத்திய வெறும் மண்ணில், பக்கி படுத்திருந்தது. சருகு படத்தை மறைக்கிறதென்று விலக்கியிருந்தார்கள். விலக்கிய துடைப்பம் சலவைக் கூடத்துடையது. கட்டிலில் சாய்த்து வைத்திருந்தது. பாப்பா நின்றபடி கையை முழுதாக நீட்டி, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று காட்டினாள். அந்தக் கைக்குத்தான் பறவை எழுந்து பறந்தது.

“பரவால்ல, கிடைச்சிருச்சு” என்று ஒருவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பாப்பா திரும்பி அண்ணியைப் பார்த்தாள். “யாரும் தொடவே இல்ல அண்ணி” என்றாள்.

எல்லோரும் போனதும் அவள் சருகை அள்ளி முட்டைகளைச் சுற்றிப் போட்டாள். கலைந்த சருகு பழையபடி படியவில்லை. மதில்மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் நின்றால் காக்கை வராது, ஆனால் பக்கியும் வராது. தள்ளிப் போனால் பக்கி வரலாம், அதற்குள் காக்கை வந்துவிடும். அவள் நான்காவது கம்பிக்குப் போனாள். காக்கை மதிலிலிருந்து ஒரு கட்டிலுக்கு இறங்கி வந்தது. திரும்பி ஓடி விரட்டினாள். இப்படி மூன்று முறை. நாலாவது முறை மேற்பார்வையாளர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். அறுவைக் கூடத்துத் துணி உடனே வேண்டுமாம். அதைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தபோது மண்ணில் ஓட்டுத் துண்டு ஒன்று மட்டும் கிடந்தது.

வீட்டில் புருஷனிடம் கேட்டாள். “உங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்க?”

“நாலு நாளா கெஞ்சுனா. உங்கிட்ட சொன்னா நீ விடமாட்டியாம். நல்லது கெட்டது தெரிஞ்சவங்கதானே அவங்கல்லாம்? ஒரு குருவிக்காக மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத.”

நாலு நாள். அந்த நாலு நாளும் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். பாப்பா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறுகூட வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து நூலகக் கூடத்தில் குழுவின் படக் கண்காட்சி. பாப்பா வற்புறுத்திக் கூட்டிப்போனாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் கூப்பிட்டாள். அதனால்தான் அண்ணியும் போனாள். சுவரின் நடுவில் பெரிதாகப் பக்கி. ஒவ்வொரு இறகும் எண்ணலாம்போலத் தெரிந்தது. பார்க்கிறவர்களெல்லாம் எவ்வளவு தெளிவு என்றார்கள். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தப் பறவையை அவள் அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. தெளிவாகத் தெரியாததால்தான் அது உயிரோடு இருந்தது.

கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் பாப்பாவிடம் கேட்டார். “இத எப்படிம்மா கண்டுபிடிச்ச? கண்ணுலயே படாதே.”

அண்ணி இரண்டடி தள்ளித்தான் நின்றாள். பாப்பாவின் கண் ஒரு நொடி அவள்மேல் பட்டது. பிறகு அந்த அம்மாளிடம் திரும்பியது.

“ஒரு நாள் தற்செயலா பார்த்தேங்க” என்றாள் பாப்பா. “இதுக்கெல்லாம் பொறுமை வேணும்.”

அண்ணி வெளியே வந்து படிக்கட்டில் நின்றாள். முட்டை போனதைக்கூடப் பாப்பாவின் அவசரம் என்று மனதுக்குள் சமாதானம் சொல்லி வைத்திருந்தாள். இதற்கு என்ன சொல்லிக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பாப்பா பேசிக்கொண்டே வந்தாள். அண்ணி ம் கொட்டிக்கொண்டு வந்தாள்.

இது நடந்து மூன்று வருஷமாகிறது. பக்கி அந்த மூலைக்குத் திரும்ப வரவில்லை. மூவரும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள், சண்டை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக ஏரிக்குப் போய்வருகிறாள். என்ன பார்த்தீங்க அண்ணி என்று பாப்பா கேட்டால், ஒன்றும் இல்லை என்கிறாள்.