ஆசைக்கு ஒரு நீராவி அறை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவே தும்மியது. காரணம், சாட்சாத் உங்கள் கட்டுரையாளர்தான்!

விவரமாகச் சொல்கிறேன். வீட்டின் பின்பக்கம் நீராவிக் குளியலுக்கு ஓர் அறை கட்டியிருக்கிறேன். ஸ்டீம் ரூம். கோவில்பட்டியிலா, இந்த வெயிலிலா என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது... சிரியுங்கள். ஊர் சிரித்து முடித்துவிட்டது, நீங்கள்தான் லேட்.

பெங்களூரில் அண்ணன் மகள் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில், ஜிம்மை ஒட்டி இப்படி ஓர் அறை உண்டு. ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். வெளியே வந்தபோது உடம்பு பஞ்சாக இருந்தது. ரிட்டையர் ஆன டீச்சர், தனிக்கட்டை... இந்த வயதில் இப்படி ஓர் ஆசை வரலாமா? வந்துவிட்டதே!

ஊர் திரும்பியதும் பின்பக்கத்து ஸ்டோர் ரூமைக் காலி செய்தேன். அங்கேதான் வந்தது வம்பு. அண்ணனுக்கு விளாத்திகுளம் பக்கம் மிளகாய்க் காடு. வருஷா வருஷம் விலை ஏறும்வரை அவருடைய வத்தல் மூட்டைகள் அந்த அறையில்தான் காத்திருக்கும்.

"என்னட்டி இது? வெளிய நின்னாலே வேர்க்குது. இதுக்குத் தனியா ரூம் வேறயா?"

"அது வேற வேர்வைண்ணே."

"தண்ணிக்கு எங்கன போவ?"

"நீங்க ஒரு நாள் குளிக்கிற தண்ணியில எனக்கு ஒரு வாரம் ஓடும்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். முகம் தெளியவில்லை.

அடுத்தது கொத்தனார். வென்டிலேட்டர் இல்லாமல் அறை கட்டுவது அவருக்கு மகாபாவம். "காத்து வரணும்லா டீச்சர்?" என்று தினமும் கேட்டார். வரக் கூடாது என்பதுதான் பிளானே என்று நானும் தினமும் சொன்னேன். சுவர் முழுக்க, கூரைவரைக்கும் டைல்ஸ். கூரையில் லேசாக ஒரு சாய்வு — ஆவி குளிர்ந்து சொட்டும்போது தலையில் விழாமல் சுவரோடு வழிய வேண்டும் அல்லவா? எங்கள் போர் தண்ணீரின் உப்புக்கு ஆவி கிளப்பும் மெஷின் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும் என்பதால் அதற்கு நல்ல தண்ணீர் லைன் தனி. இதையெல்லாம் நானே படித்து, நானே கேட்டு, நானே சண்டை போட்டுச் செய்தேன்.

கண்ணாடிக் கதவு மட்டும் பாக்கி. கயத்தாறில் ஒரு கல்யாணம். வீட்டுச் சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், அறைக்குள் என் புத்தம்புது பெஞ்சின் மேல் கூரை உயரத்துக்கு வத்தல் மூட்டைகள்!

"திடீர்னு மழை வந்துட்டுட்டி. நனைய விடச் சொல்லுதியா?" என்றார் அண்ணன். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துச் சொன்னார், "ஆனாலும் ஒண்ணு சொல்லணும். கதவு போட்டா காத்தே புகாது. வத்தலுக்குன்னே கட்டுன மாதிரி இருக்கு."

மழைதான் நின்றுவிட்டதே, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பொம்பள ஒருத்தி உக்காந்து வேர்க்கதுக்கு ரூம் இருக்கு, வெளைச்சலுக்கு எடம் இல்லையா?"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அழவில்லை. லோடு ஆட்டோவைக் கூப்பிட்டு, மூட்டைகளை ஏற்றி, அவர் வீட்டு ஹாலிலேயே இறக்கச் சொன்னேன். டிவியை மறைத்ததாகக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை கதவு மாட்டியாயிற்று. அறையைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டுத் துண்டோடு உள்ளே உட்கார்ந்தேன். மிளகாய்க் காட்டுக் குடும்பத்தில் பிறந்தவளுக்குத் தெரிய வேண்டாமா, வத்தல் கிடந்த இடம் ஒரு துடைப்பில் போகாது என்று? பெஞ்சின் இடுக்கில் கிடந்த தூள் எல்லாம் ஆவியோடு எழுந்தது. கண், மூக்கு, தொண்டை... கைக்கு எட்டிய நைட்டியை மாட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். திறந்த கதவு வழியாக மிச்சத்தைத் தெரு வாங்கிக்கொண்டது.

அடுத்த தெருவிலிருந்து அண்ணன் ஓடி வந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தண்ணீர் மொண்டு கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, நான் சொல்லுததக் கேளு. யாரு கேட்டாலும் மூட்டு வலி, டாக்டர் சொன்னாருன்னு சொல்லிரு. நானும் அப்பிடியே சொல்லுதேன். ஒருத்தரும் வாய தொறக்க மாட்டாவ."

பாசத்தில்தான் சொன்னார். எனக்கும் ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. ஆனால் யோசித்துப் பாருங்கள் — நம் வீட்டுப் பெண்கள் கொஞ்ச நேரம் படுக்க வேண்டுமானால் தலைவலி வர வேண்டும். ஏசி போட வேண்டுமானால் பிரஷர் வர வேண்டும். சும்மா ஒரு சுகம் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், வீடே விசாரணைக் கமிஷன் வைக்கும். அண்ணன் சுவர் அகலத்துக்கு டிவி வாங்கினாரே, அதை எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்?

"எனக்கு மூட்டு நல்லாத்தான் இருக்குண்ணே. ஆசைப்பட்டேன், கட்டுனேன்."

அண்ணன் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் சோப்புப் போட்டுத் தேய்த்து, இடுக்கெல்லாம் பிரஷ் விட்டுக் கழுவி, ஆள் இல்லாமலே ஆவியை ஓடவிட்டு, மறுபடி கழுவினேன். புதன்கிழமை உள்ளே போய் உட்கார்ந்தேன். ஆவி மெல்லச் சூழ்ந்தது. தோள் தளர்ந்தது. சொல்ல வெட்கமில்லை, சந்தோஷத்தில் சத்தமாகச் சிரித்தேன்.

வேர்த்து, குளித்து, ஈரத்தலையோடு கொடியில் துண்டு காயப் போடுகிறேன். பக்கத்து வீட்டம்மா காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், ரொம்ப முடியலையோ? மூட்டு வலின்னு ஒங்க அண்ணாச்சி தெருவெல்லாம் சொல்லுதாவளே..."

"ஒரு சீக்கும் இல்லக்கா, எனக்காக ஆசைப்பட்டுக் கட்டுனேன்!" என்றேன் — அடுத்த தெரு வரைக்கும் கேட்கட்டும் என்று, வகுப்பறைக் குரலில்.