ஸ்பேனர் தொடாத மெக்கானிக்

போன வாரம் விஜயதசமி. ஆவடி குவார்ட்டர்ஸை விட்டு, கள்ளிக்குப்பத்தில் கட்டிய சொந்த வீட்டுக்கு நாங்கள் குடிபோன நாள். பத்தரை மணிக்குள் பால் காய்ச்சியாக வேண்டும். பதினாறு வருஷம் ஃபாக்டரி கொடுத்த வீட்டிலேயே சமைத்தவள் என் மனைவி சரோஜா. அந்தப் பத்தரை அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லவும் வேண்டுமா?

மணி எட்டே முக்கால். சாமான் ஏற்றியாயிற்று. அடுப்பு, பால் பாத்திரம், சாமி படம் எல்லாம் கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடியில்... லாரி கிளம்பவில்லை!

மிலிட்டரியில் கழித்துவிட்ட பழைய பெட்ரோல் லாரி அது. ஏலத்தில் எடுத்த ஏகாம்பரமே ஓனர், அவரே டிரைவர். முந்தின நாளே எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து, ஆயுத பூஜைக்குக் கழுவி, மாலை போட்டு, பொட்டு வைத்துக் கல்யாணப் பெண் மாதிரி நிறுத்தியிருந்தார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள் நசுங்கத் தயாராக இருந்தன. ஸ்டார்ட்டர் மட்டும் கிர்... கிர்... என்று சுற்றியது.

"நேத்துதான் பெட்ரோல் ஊத்தினேன் சார். இன்னா கோவமோ தெர்லியே இதுக்கு!" என்றார். பாவம், முகம் வாடிவிட்டது.

பக்கத்து ஷெட் மெக்கானிக் தயாளனிடம் ஓடினேன். அங்கே வேறு சிக்கல். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் பூஜையில்! பொரி கடலையோடு சாமி படத்தின் முன்னால் இருந்தன. பதினொரு மணிக்கு மறுபூஜை. அதுவரை தொட மாட்டாராம்.

எனக்குக் கோபம் வந்தது. "அவசரத்துக்குத் தொட்டா சாமி கோவிச்சுக்குமா?" என்றேன்.

"டூல்ஸைத்தான் சார் பூஜைல வெச்சிகீறேன். கைய வெக்கல" என்றவர், வெறுங்கையோடு என்கூட நடந்து வந்தார். லாரிப் பக்கத்திலேயே சரோஜா காத்துக்கொண்டிருந்தாள்.

அடடா, அந்தக் கை! மின்சாரத்தை ஏற்றிக் கொடுக்கும் காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரின் நுனியைப் பிடுங்கினார். மடித்த துணியால் பிடித்து, இன்ஜின் உடம்புக்கு அருகே காட்டி, "அண்ணாத்தே, செல்ப் அடி" என்றார். நீலப் பொறி பறக்க வேண்டும். ஒன்றுமில்லை.

அடுத்தது, பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி. இரண்டே கிளிப் — விரலாலேயே நெம்பிவிட்டார். உள்ளே 'பாயின்ட்' என்று இரண்டு குட்டிக் குமிழ்கள். அவை சேர்ந்து பிரியும்போதுதான் பொறி பிறக்குமாம். எட்டிப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டுக்கும் நடுவில் காய்ந்துபோன சந்தனம், அதன்மேல் குங்குமம்!

ஏகாம்பரத்தின் பக்தி அவ்வளவு உள்ளே போயிருக்கிறது.

தயாளன் நிமிர்ந்து ஸ்டீயரிங் பக்கம் பார்த்தார். ஏகாம்பரம் கண்ணை மூடி முணுமுணுத்து வேண்டிக்கொண்டிருந்தார்.

"சார், கெட்டி அட்ட எதனா கீதா?"

சட்டைப்பையில் எங்கள் கிரகப்பிரவேசப் பத்திரிகை இருந்தது. மூலையெல்லாம் மஞ்சள். மஞ்சள் படாத நடுப்பகுதியைப் பார்த்துக் கிழித்தார். பெட்ரோலில் நனைத்து, பாயின்ட் நடுவே விட்டு இழுத்தார். காய்ந்த துண்டால் இன்னொரு இழுப்பு. ஊதிவிட்டுச் சற்றுப் பொறுத்தார். மறுபடி செல்ப்.

சடக்! நீலப் பொறி. மூடியையும் ஒயரையும் மாட்டியதும் லாரி உறுமியது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

"இன்னாப்பா கோளாறு?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

சிவந்துபோன அட்டைத் துண்டைத் தயாளன் உள்ளங்கையில் மறைத்துக்கொண்டார். "நேத்து நீ வண்டி கழுவச்சொல்ல தண்ணி பூந்துக்கிச்சி அண்ணாத்தே. இனிமே அந்த மூடிய மட்டும் தொறக்காத. பொட்டெல்லாம் வெளியவே வெய்யி."

அசந்து போனேன். கோளாறைக் கண்டுபிடிக்கப் பல பேர் இருக்கலாம். நல்ல நாளும் அதுவுமாக ஒரு மனுஷனின் பக்தியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் ரிப்பேர் பண்ண எத்தனை பேருக்குத் தெரியும்?

பத்து இருபதுக்குப் பால் பொங்கியது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சரோஜா என் காதருகே வந்தாள். "அட்டையில ஒட்டியிருந்த குங்குமத்தை நானும் பார்த்தேங்க. டிரைவர்கிட்ட மூச்சு விட்றாதீங்க."

விடவில்லை. ஏகாம்பரம் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்... யாராவது வாசித்துக் காட்டிவிடாதீர்கள்!