மச்சாளும் கைத்துவக்கும்

படைச் சீருடையில் இருந்த அந்த இளைஞனின் நீளத் துவக்கு, ரயில் இருக்கையில் அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு பயணியைப் போலச் சாய்ந்திருந்தது. அவன் கண்ணாடியில் தலையை வைத்து அரைத்தூக்கத்தில் இருந்தான். சப்பாத்துகளில் சேறு காய்ந்திருந்தது. நாங்கள் இருக்கும் ஆராவ் நகரத்தில் ஒரு படைமுகாம் இருக்கிறது என்பதும், இந்த நாட்டில் பயிற்சி பெற்ற ஆண்கள் துவக்கை வீட்டுக்கே கொண்டுபோய் அலுமாரியில் வைப்பார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. நாங்கள் சுவிஸுக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மடியில் கைக்குழந்தையாக மகள். எதிரே துவக்கின் வாய். நான் எதையும் யோசிக்கவில்லை. கை தானாகப் பைக்குள் போயிற்று. ஊரில் ஆமி பஸ்ஸை மறித்தால் அடையாள அட்டையை எப்படி நீட்டுவோமோ அப்படியே, புதிதாகக் கிடைத்திருந்த வதிவிட அட்டையை எடுத்து அவன் முன்னால் நீட்டினேன்.

அவன் திடுக்கிட்டு விழித்தான். என்ன செய்வதென்று தெரியாமல் அட்டையை வாங்கி, என் பெயரை வாசிக்கப் பார்த்து, பாதியில் விட்டு, மிக மரியாதையாகத் திருப்பித் தந்தான். நன்றியும் சொன்னான். அவனுடைய காதுகள் சிவந்துபோயிருந்தன. என் பக்கத்தில் இருந்த மச்சாள் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் இருக்கையே குலுங்கியது.

"நல்ல காலம் மச்சாள், கையைத் தூக்கிக்கொண்டு இறங்கேல்லை நீங்கள்" என்றாள்.

மச்சாள் என் கணவரின் தங்கை. என்னைவிட இரண்டு வயது இளையவள். அவள் எனக்கு மச்சாள், நான் அவளுக்கு மச்சாள். அந்த ரயில் கதையை அவள் கண்ட இடமெல்லாம் சொன்னாள். கோயில் பூசைக்குக் கூடிய இடத்தில் சொன்னாள், ஜெர்மன் வகுப்பில் சொன்னாள். சொல்லும்போது என்னைப்போலவே கண்களை விரித்து, இரண்டு கையாலும் இல்லாத அட்டையொன்றை நீட்டிக் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் சிரிக்க வைக்காவிட்டால் அந்த முதல் குளிர்காலத்தை நான் எப்படிக் கடந்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

ஊரில் அவள் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எல்லாம் குழம்பியது. படிப்பு நடுவில் நின்றது. இங்கே வந்தபின் ஒரு சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடித்துக்கொண்டே ஜெர்மன் படித்தாள். மடிக்கும் மேசையில் சொற்களை எழுதி ஒட்டி வைத்திருப்பாளாம். ரயிலில் போய் வரக்கூடிய ஒரு பெரிய நகரத்தின் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்க இடம் கிடைத்த நாளில், ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த என் கணவர், தன் முதலாளிக்கே கைகொடுத்து அந்தச் செய்தியைச் சொன்னார். தங்கை விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறாள் என்பது அவருக்குத் தானே படிப்பதைப் போல.

பனிக்காலத்தில் அவளுடைய ஆய்வுகூட வகுப்பு முடியும்போது இருட்டிவிடும். கட்டடத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு இறங்கி வரும் ஒற்றைப் பாதை மரங்களுக்கு நடுவே போகும். அங்கே விளக்குகள் குறைவு. ஒரு மாலை அந்தப் பாதையில் ஒரு மாணவியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தான். அவள் உதறித் தப்பி ஓடினாள், விழுந்ததில் கை முறிந்தது. ஆளைப் பிடிக்கவில்லை. செய்தி பத்திரிகையில் வந்தது. கணவருக்கு ஜெர்மன் வாசிக்க அவ்வளவாக வராது. ஆனால் சமையலறையில் யாரோ வாசித்துச் சொல்லிவிட்டார்கள்.

அவர் சத்தம் போடவில்லை. சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்தபடி சொன்னார்: "படிப்பு வேணும்தான். தங்கச்சியும் வேணும் எனக்கு. ஆரும் துணைக்கு வந்தா போ. இல்லாட்டி இந்தக் குளிருக்கு நில்."

மச்சாள் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக் கழுவப் போனாள். ஒரு முறை நின்ற படிப்பு அது. இந்தக் குளிருக்கு என்று நிறுத்தினால் பிறகு எந்த வெயிலுக்கும் அது தொடங்காது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். நான் இரண்டு பக்கமும் தலையாட்டக்கூடியவள். கணவர் சொன்னதில் பிழை இல்லை என்றும் பட்டது. அவளை நிறுத்துவது பெரும் பிழை என்றும் பட்டது. துணைக்கு யார் போவது? அவருக்கு இரவு வரை வேலை. எனக்குக் கையில் பிள்ளை.

சில நாட்களின் பின், நான் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தபோது மச்சாள் வந்து அடுப்படியில் சாய்ந்து நின்றாள்.

"மச்சாள், ஒரு கதை. அண்ணைக்குச் சொல்லக்கூடாது."

"அப்ப எனக்கும் சொல்லாதை."

"துணை வேணுமெண்டுதானே அண்ணை சொன்னவர். கிடைச்சிட்டுது."

அவளோடு ஆய்வுகூடத்தில் ஒரே மேசையில் வேலை செய்யும் தோழி ஒருத்தி இருந்தாள். மாடும் வயலுமாக இருக்கும் கமக்காரர் வீட்டுப் பெண், உயரமானவள், பள்ளிக்காலத்திலேயே கிராமத்துச் சுடும் மைதானத்தில் பழகியவள். அவளிடம் ஒரு சின்னக் கைத்துவக்கு இருந்தது. மச்சாளுக்கும் ஒன்று எடுத்துத் தரலாம், சுடவும் பழக்குகிறேன் என்று சொன்னாளாம். பெண்கள் துவக்கு வைத்திருக்கலாமா என்று பல்கலைக்கழகத்தில் அப்போது எங்கும் அதே பேச்சாக இருந்தது. ஆண்களுக்கு அரசாங்கமே துவக்கைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறது, நாங்கள் மட்டும் சாவிக்கொத்தை விரலுக்கிடையில் பிடித்துக்கொண்டு போக வேண்டுமா என்று அந்தத் தோழி கேட்பாளாம். அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

"பிள்ளை ஓடித்திரியிற வீடு" என்றேன்.

"பூட்டி வைப்பன்."

"எங்கட அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. உன்ரை பையிலை துவக்கு எண்டு பொலிஸ் கண்டால் என்ன நினைக்கும்?"

அவள் வெட்டின லீக்ஸ் துண்டொன்றை எடுத்து விரலால் பிரித்தாள். பிறகு சொன்னாள்: "என்னோடை ஒரே வாங்கிலை இருந்து படிச்சவள் இண்டைக்கு ஊரிலை துவக்கோடை திரியிறாள். நான் படிக்கிறதுக்கு ஒண்டு வைச்சிருந்தா மட்டும் குற்றமோ?"

கணவரிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் தவித்தேன். சொன்னால் படிப்பு அன்றோடு சரி. சொல்லாவிட்டால் வீட்டுக்குள் துவக்கு வந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை அவள் தோழியோடு சுடும் மைதானத்துக்குப் போனாள். திரும்பி வந்தபோது கன்னங்கள் குளிரில் சிவந்திருந்தன. குறியில் இரண்டு பட்டதாம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷமாக இருந்தது என்றாள். அவளுடைய மேலங்கியை மாட்டப் போனபோது அதன் கைப்பகுதியில் வெடிமருந்து வாசனை அடித்தது. ஊரில் பழகிய அதே வாசனை. ஆனால் அவள் முகத்தில் பல நாட்களாக இல்லாத ஒரு நிமிர்வு வந்திருந்ததையும் பார்த்தேன். இரண்டுமே உண்மை என்பதால் நான் ஒன்றும் சொல்லாமல் மேலங்கியை வெளியே பல்கனியில் காற்றாடப் போட்டேன்.

அடுத்த கிழமை பல்கலைக்கழகப் பெண்கள் அந்தப் பாதையில் இனி எப்படிப் போய்வருவது என்று பேச, தங்கள் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். மச்சாளும் பேசுவதாக இருந்தாள், தோழியின் பக்கத்துக்கு. "நீயும் போய் என்ன கதைக்கினம் எண்டு பார்" என்று கணவர் என்னை அனுப்பினார். கைத்துவக்கு விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது. பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போனேன்.

மண்டபத்தில் பாதிப்பேர் பின்னிக்கொண்டிருந்தார்கள். இங்கே அப்போது அது ஒரு வழக்கம். வகுப்பிலும் கூட்டத்திலும் மடியில் நூலும் ஊசியுமாக இருப்பார்கள். எனக்கு விளங்காததை மச்சாள் காதுக்குள் சொன்னாள். தோழி எழுந்து நன்றாகப் பேசினாள். பொலிஸ் பிறகுதான் வரும், அதற்கு முன்பான நிமிடத்தில் எனக்கு யார் என்று கேட்டாள். கை தட்டினார்கள். துவக்கைப் பறித்து எங்களையே சுட்டால் என்ன செய்வது என்று ஒருத்தி கேட்டாள். பாதைக்கு விளக்குப் போடச் சொல்லாமல் எங்களை ஏன் படையாக்குகிறீர்கள் என்றாள் இன்னொருத்தி. சத்தம் கூடியது. அப்போது மூலையில் இருந்த, கொஞ்சம் வயது கூடிய மாணவி ஒருத்தி பின்னலிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். எங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு துவக்கு இருக்கிறது, எனக்குப் பயம் தெருவில் போகிறவனிடம் இல்லை என்றாள். மச்சாள் அதை மொழிபெயர்க்க முதலே எனக்கு விளங்கிவிட்டது. மண்டபம் முழுக்க ஊசிகள் நின்றன.

அதற்குப் பிறகு மச்சாளின் முறை. இறுகிப்போன இடத்தை இளக்குவதற்குத்தான் அவள் என் ரயில் கதையை எடுத்தாள் என்று நினைக்கிறேன். வழமைபோலவே கண்களை விரித்தாள், இரண்டு கையையும் நீட்டினாள். அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. சிலர் திரும்பித் தள்ளுவண்டியோடு நின்ற என்னைப் பார்த்தார்கள். மச்சாளும் பார்த்தாள். நீட்டிய கைகள் அப்படியே நின்றன. எத்தனையோ தடவை சொன்ன கதையை அவள் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டாள் போல இருந்தது.

பிறகு அவள் மெதுவாக, சொல் சொல்லாகத் தேடிப் பேசினாள். இவர் என் அண்ணனின் மனைவி. நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் துவக்கை என் பையில் வைத்தால் எனக்குப் பயம் போய்விடலாம், ஆனால் இவர் தினமும் அதன் முன்னால் இருப்பார். நான் இதை யோசிக்கவில்லை. அவ்வளவுதான் சொன்னாள், உட்கார்ந்துவிட்டாள்.

தோழி விடவில்லை. கோபத்தோடு எழுந்து, சரி, அழகாகச் சொன்னாய், இன்றைக்கு இருட்டின பிறகு நீ எப்படி நிலையத்துக்குப் போவாய் என்று கேட்டாள். கூட்டத்தில் அதுவரை கேட்கப்பட்ட கேள்விகளில் அதுதான் சரியான கேள்வி. மச்சாள் இருந்த இடத்திலிருந்தே, நான் ஆறு மணி ரயிலுக்குப் போகிறேன், யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டாள். கைகள் உயர்ந்தன. ஊரில் ரியூசன் முடிந்து பெண்பிள்ளைகள் சைக்கிளில் சேர்ந்து வருவதுபோல, அன்று மாலை ஒரு வரிசையாக அந்த மரங்களுக்கிடையே இறங்கினோம். தள்ளுவண்டி நடுவில். எல்லோருக்கும் கடைசியில், கைகளை மேலங்கிப் பைக்குள் விட்டபடி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தத் தோழி.

அன்றிரவு கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கைத்துவக்குக் கதை உட்பட. அவர் வாய் திறக்க முதலே, "அந்தப் பக்கம் அவையள் சேர்ந்து ரயிலேத்தி விடுவினம். இந்தப் பக்கம் ஸ்டேசனிலை நான் நிப்பன்" என்றேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"ஸ்டேசன் முழுக்க ஆமிக்காரர். நீ நிப்பியோ?"

"ஓம்" என்றேன். நின்றேன். முதல் நாட்களில் ஆமிக்காரரின் கண்ணில் படாமல் தள்ளுவண்டியைச் சுவரோரம் வைத்துக்கொண்டு. பிறகு பிள்ளை அவர்களுக்குக் கை காட்டப் பழகிவிட்டாள்.

கணவருக்கு அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. லீவு நாளொன்றில் சொல்லாமல் கொள்ளாமல் அந்த நகரத்துக்கே போய், தங்கையைக் கூட்டிவர ஆய்வுகூட வாசலில் நின்றிருக்கிறார். ஆண்களுக்கு வரிசையில் இடமில்லை என்று அந்தப் பெண்கள் முடிவெடுத்திருந்தார்கள். மச்சாள் அதைச் சொல்லித் தள்ளி வரும்படி விட்டுவிட்டாள். இவர் தூரத்தில் பின்னாலே வந்திருக்கிறார். இடையில் தோழி திரும்பிப் பார்த்து, யார் இந்த ஆள் எங்களைப் பின்தொடர்கிறான் என்று வரிசையையே நிறுத்திவிட்டாளாம். அத்தனை பெண்களும் சுற்றி நிற்க, மச்சாள் சிரித்து முடித்து விளக்கம் சொல்லும்வரை இவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றாராம். வீட்டுக்கு வந்து மேலங்கியைக் கழற்ற முதலே என்னிடம் சொன்னார்: "எனக்கே பயம் வந்திட்டுது. இனி ஒருத்தனும் கிட்டப் போகமாட்டான்." அதற்குப் பிறகு படிப்பை நிறுத்துவது பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

அந்தத் தோழி தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆண் தனியே உலாவலாம், பெண் மட்டும் மந்தையாகப் போக வேண்டும் என்றால் அது எப்படிச் சுதந்திரம் என்று அவள் கேட்டது இன்னும் என் மனதில் கிடக்கிறது. அவள் சொன்னதில் எவ்வளவு சரி, எவ்வளவு பிழை என்று இன்று கேட்டாலும் நான் தடுமாறுவேன். ஆனால் கருத்தை விடாமல் வைத்துக்கொண்டே இரண்டு குளிர்காலம் முழுக்க அவள் வரிசையின் கடைசியில் நடந்தாள். பாதைக்கு விளக்குக் கேட்டு எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. விளக்குகள் வந்தன.

இப்போது மகள் கிண்டர்கார்ட்டன் போகிறாள். இங்கே பிள்ளைகளைப் பள்ளிக்குத் தனியே நடக்க விடச் சொல்கிறார்கள். ஆசிரியை சொன்னதிலிருந்து எனக்கு அதே யோசனையாக இருக்கிறது. போன கிழமை மச்சாளுக்கு போன் எடுத்தேன். அவள் படிக்கும் நகரத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள், வரும் கோடையில் படிப்பு முடிகிறது. முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆய்வுகூட வேலை சொல்லிக்கொடுக்கிறாள். பிள்ளையின் கதையைக் கேட்க எடுத்தவள், பழக்கத்தில் அவளிடமே கேட்டுவிட்டேன், இரவு எப்படி வீட்டுக்குப் போகிறாய் என்று.

"புதுப் பிள்ளையளை ஸ்டேசன்மட்டும் கூட்டிக்கொண்டு போய் விடுவன். கடைசி ஆளையும் ஏத்திவிட்டிட்டு, திரும்பி நடந்து வருவன்."

"அப்ப உன்னோடை ஆர் வாறது?"

"ஒருத்தரும் இல்லை மச்சாள்" என்றாள். "நான் மட்டும்தான். லைட் எரியுது, பாட்டுப் பாடிக்கொண்டு வருவன்."

நான் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, மகளின் கதையைக்கூட. கேட்காமல் விட முடிந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.