செந்தாமரையின் விடுமுறைக் காலண்டர்

காலை ஏழு மணிக்குச் செந்தாமரை மேடத்தின் தம்பி போன் செய்தார். “அக்கா தவறிட்டாங்க சார். இன்னிக்கு எங்க கரையில யாரும் கடலுக்குப் போகல.” நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் குப்பம் அவர்களுடையது. அங்கே ஒரு வீட்டில் சாவு என்றால் ஊரே படகை இறக்காது. இதை மேடமே எப்போதோ எனக்குச் சொல்லியிருந்தார்.

லாரிக்காரர்கள், சரக்கு முகவர்கள், அறுவடை வண்டி வைத்திருப்பவர்கள் என்று இதைப் படிக்கிற பலருக்கும் அவரைத் தெரியும். அந்த வண்டிகளுக்கு வெளிநாடுகளிலிருந்து உதிரி பாகம் வரவழைக்கும் எங்கள் தஞ்சாவூர் அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. எனக்குக் கம்ப்யூட்டர், அவருக்குச் சுவரில் ஒரு காலண்டர். கொரியாவில் தொழிற்சாலை மூடும் நாள், துபாயில் நோன்பு மாதம், கொழும்பில் பௌர்ணமி விடுமுறை எல்லாம் அதில் சிவப்புப் பேனாவில் இருக்கும். அந்தந்த ஊர்க்காரர்களிடமே கேட்டு எழுதுவார். பதிலுக்குத் தன் ஊர் வழக்கத்தையும் சொல்லிவைப்பார். “இது ஆபீசா, ஜோசியக் கடையா மேடம்?” என்று கேலி செய்வேன்.

“எந்தக் கரையில என்னிக்குக் கடலுக்குப் போகமாட்டாங்கன்னு தெரியாதவன் மீன் யாவாரத்துக்கு வரக்கூடாது சார்” என்பார், தலை நிமிராமலே.

ஒரு தை மாதம் அந்தக் கேலிக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தங்கை மகள் கல்யாணத்துக்காக அவர் லீவில் இருந்தார். அறுவடை வண்டிகளில் டயருக்குப் பதிலாக ஓடும் ரப்பர் பெல்ட்டுகளுக்கு நானே ஆர்டர் போட்டேன். நம் பொங்கலுக்கு இடம் விட்ட நான், கொரியாக்காரர்களின் புத்தாண்டை மறந்துவிட்டேன். தொழிற்சாலை ஒரு வாரம் பூட்டு. அதே வாரம் இங்கே பருவம் தப்பிய மழை. சேற்றில் டயர் வண்டி புதைந்துவிடும். பெல்ட் வண்டிதான் இறங்கும். எங்களை நம்பிய பெல்ட் வண்டிகளோ அறுந்த பெல்ட்டோடு வலங்கைமானிலும் குத்தாலத்திலும் நின்றன.

நன்னிலத்திலிருந்து என் அண்ணன் கூப்பிட்டார். “கதிரு சாஞ்சு தண்ணியில கெடக்குதுடா. இப்புடியே ஒரு வாரம் கெடந்தா வயல்லயே முளைச்சிரும். உங்க பெல்ட்டு எங்கடா இருக்கு?”

மறுநாள் வேலைக்கு வந்த செந்தாமரை என்னைத் திட்டியிருக்கலாம். காலண்டரைத்தான் பார்த்தார். “தாய்லாந்துக்காரங்களுக்கும் நம்மள மாதிரி சித்திரையிலதான் சார் வருஷம் பொறக்கும். இப்ப கடை தெறந்திருக்கும்.” அங்கும் இதே வண்டிதான் நெல் அறுக்கிறது. அவர்கள் அறுவடை முடிந்து, பெல்ட்டுகள் கிடங்கில் சும்மா கிடந்தன. பாங்காக் வியாபாரி பிம் அம்மாளிடம் அரைகுறை ஆங்கிலத்தில் பேசி, அன்றே விமானத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார். அது கிளம்பும் முன்பே சென்னையில் நம் லாரி போய் நின்றது. “படகு வர்றதுக்கு முன்னாடி ஐஸ் வந்து நிக்கணும் சார்.”

ஐந்தாம் நாள் அண்ணன் வயலில் வண்டி இறங்கியது. போனை வண்டிப் பக்கம் நீட்டி, “கேக்குதாடா?” என்று கத்தினார். ஸ்பீக்கரில் போட்டேன். அந்த இரைச்சலுக்கு அலுவலகமே கைதட்டியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். செந்தாமரை மட்டும், “இருங்க, பிம்முக்கும் கேக்கட்டும்” என்று பாங்காக்குக்குப் போன் போட்டார்.

அவர் மறைந்த செய்தியைப் பிம் அம்மாளுக்கு நான்தான் தெரிவித்தேன். உடனே பதில் வந்தது: “ஊரில் ஒருவர் இறந்தால் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள் என்று செந்தாமரை சொல்லியிருக்கிறார். இன்று நானும் கடை திறக்கவில்லை.” அழுகை வந்தது. அதைவிடப் பெருமை வந்தது.

அந்தக் காலண்டர் இப்போது என் மேசைக்கு மேல் தொங்குகிறது. அவர் போன தேதியில், அவருடைய சிவப்புப் பேனாவாலேயே எழுதினேன்: “நாகப்பட்டினத்தில் படகு இறங்கவில்லை. பாங்காக்கில் கடை திறக்கவில்லை.”