கார்டைக் கழற்றியவர்

காக்ஸ் டவுனில் ஞாயிறுதோறும் மரவேலை வகுப்பு எடுத்த அந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். சுடிதாரின் மேல் தடித்த ஏப்ரன், இறுகக் கட்டிய கொண்டை. மின்ரம்பத்தை விளக்கும்போது பிளக்கைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொள்வார்.

“மேசைய திருப்பி வெட்டினா மைட்டர். பிளேட சாய்ச்சு வெட்டினா பெவல். ரெண்டும் ஒண்ணா செஞ்சா காம்பவுண்ட்.” பிறகு, பிளேடை மூடியிருந்த ‘கார்டு’ என்ற பிளாஸ்டிக் பாதுகாப்பு மூடியைத் தொட்டார். “இத மட்டும் கழட்டவே கூடாது.”

“கழட்டினா பென்சில் கோடு நல்லா தெரியுமே, அக்கா?” என்றேன்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன். என் வீட்டுக்காரருக்கு வேல ஈசியா ஆகட்டும்னு நான்தான் கழட்டினேன். அவருக்கு ரெண்டு விரல் போச்சு. இன்னி வரைக்கும் ஒரு வார்த்த கேக்கல. திட்டியிருந்தா தேவலை.”

மதியம் அவர் கணவர் டிபன் கேரியருடன் வந்தார். எஞ்சிய மூன்று விரல்களால் அவர் நீட்டியதை, அக்கா தரையைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டார்.

“சூடா இருக்கு, கை பத்திரம்” என்றார் கணவர்.

அந்தக் குரலில் குத்தல் ஏதும் இருக்கிறதா என்று கவனித்தேன். இல்லை. அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை என்று தோன்றியது.